தேவையில்லாத ஒரு கார்

எங்கள் வீட்டுக்காரர் தன்னுடைய கராஜில் ஒரு பந்தயக் கார் செய்துகொண்டிருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு வந்தது வியப்பல்ல, கோபம்.

ஸ்காபரோவில் அவருடைய வீட்டின் பேஸ்மென்றில் நான் குடியிருக்கிறேன். இரவு குசினியைக் கழுவித் துடைத்துவிட்டு, பன்னிரண்டு மணியளவில் பஸ்ஸால் இறங்கி நடந்து வரும்போது, கராஜ் கதவின் கீழால் வெளிச்சம் தெரியும். உள்ளே அரம் உராயும் சத்தம் கேட்கும். எழுபதை நெருங்கும் மனிதர். திரினிடாட்டிலிருந்து வந்து முப்பது வருடங்கள் பஸ் திருத்தும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுடைய ஊரிலும் அப்படிக் கூப்பிடுகிற வழக்கம் உண்டு.

அவர் வாங்கி வைத்திருந்தது 1984ஆம் ஆண்டின் மஸ்டா ஆர்எக்ஸ்-7. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார். அதன் ஆசனங்களைக் கழற்றி எறிந்தார். கம்பளத்தை உரித்தார். சத்தம் வராமல் இருக்கத் தளத்தில் ஒட்டியிருக்கும் தார்ப்படையின்மேல் உலர் பனிக்கட்டியைப் பரவி, அது குளிர்ந்து வெடித்தபின் சுத்தியலால் தட்டித் தட்டிப் பெயர்த்தார். பாரம் குறைய வேண்டுமாம். பிறகு உள்ளே உருக்குக் குழாயில் ஒரு கூண்டு. கார் கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசியாமல் இருப்பதற்கு. ஆக, கடைக்குப் போகவும் உதவாத, பேரப்பிள்ளையை ஏற்றவும் உதவாத, வீதியில் ஓடச் சட்டமும் இடங்கொடாத ஒன்றாக அந்தக் காரை மாற்ற அவர் மூன்று வருடங்கள் உழைத்தார்.

அவர் வாங்கிய ஒவ்வொரு சாமானையும் நான் மனதுக்குள் இலங்கைக் காசுக்கு மாற்றிப் பார்த்தேன். இந்த ரயர் நான்கும் ஒரு கிணறு இறைக்கும் மெசின். இந்தக் கூண்டு ஒரு பிள்ளையின் இரண்டு வருட ரியூசன். இந்தக் கணக்கில் நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். எங்களுக்கு டொலருக்குப் பெறுமதி இங்கே இல்லை. அது எப்போதும் வேறு யாருடையதோ கூரையாக, மருந்தாக, சீட்டுக்காசாக இருக்கிறது. நான் 2010இல், 492 பேரோடு வன்கூவர் தீவின் கரைக்கு வந்த கப்பலில் வந்தவன். வந்த நாளிலிருந்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் தேவையைப் பற்றியவை. ஏன் வந்தாய், ஏன் அங்கே இருக்க முடியாது, திரும்பிப் போனால் என்ன நடக்கும். உனக்கு என்ன பிடிக்கும் என்று எந்த விசாரணையிலும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரியாமல் நின்றிருப்பேன்.

ஆகவே, தேவையில்லாத ஒன்றைச் செய்ய ஒரு மனிதனுக்கு உரிமை இருக்கிறதா, அதுவும் கடன்பட்ட மனிதனுக்கு, என்ற கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. கராஜ் கதவின் கீழால் வந்த வெளிச்சத்திலிருந்து வந்தது.

*

2021 மாரிகாலத்தில் ஒரு நாள், கை விறைத்துப்போகிறது, வந்து ஒரு பக்கம் பிடி என்று அங்கிள் கூப்பிட்டார். போனேன். மேசையில் அந்த எஞ்ஜின் பிரித்து அடுக்கப்பட்டிருந்தது.

நான் அறிந்த எஞ்ஜின்களில் பிஸ்ரன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்ரனும் இல்லை, வால்வும் இல்லை. நடுவில் இலேசாக இடுப்பு ஒடுங்கிய, கச்சான் கோதுபோன்ற ஓர் அறை. அதற்குள் பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கிறது. அதைத்தான் றோட்டர் என்கிறார்கள். முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்நேரமும் சுவரைத் தொட்டுக்கொண்டே போகின்றன. முனைகளுக்கிடையிலுள்ள மூன்று வெளிகளும் மாறி மாறி விரிந்து சுருங்கி, காற்றையும் பெற்றோலையும் இழுத்து, நெருக்கி, எரித்து, வெளியே தள்ளுகின்றன. றோட்டர் ஒரு சுற்றுச் சுற்ற, நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றும். அங்கிளின் எஞ்ஜினில் இப்படி இரண்டு றோட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் 573 கன சென்ரிமீற்றர்.

அந்த அறையின் சுவரை நான் விரலால் தடவினேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் கணிதத்தில் அதை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு வட்டத்தின் வெளியே அதன் பாதி ஆரையுள்ள இன்னொரு வட்டம் உருளும்போது, உருளும் வட்டத்தோடு பிணைந்த ஒரு புள்ளி வரையும் ஒழுக்கு. அந்த வளையியைக் கொப்பியில் கீறியவன் நான். அது அலுமினியத்தில் வார்க்கப்பட்டு, குரோமியம் பூசப்பட்டு ஒரு மேசையில் கிடக்கும் என்று அப்போது தெரியாது. பதினொரு வருடங்களாக வெங்காயமும் கோழியும் வெட்டிய கைக்கு, தான் ஒருகாலத்தில் வேறொன்றும் அறிந்திருந்தது என்ற நினைவு வந்தது. அன்றிரவு நான் இரண்டு மணிக்குத்தான் படுத்தேன்.

அதன்பின் என்னுடைய இரண்டு விடுமுறை நாட்களில் ஒன்று கராஜுக்கு என்றாயிற்று. இந்த எஞ்ஜினின் உயிர் அதன் அடைப்புகளில் இருக்கிறது. இரண்டு றோட்டர்களுக்கும் சேர்த்து முனைகளில் ஆறு ஏபெக்ஸ் சீல்கள், மூலைகளில் பன்னிரண்டு, பக்கங்களில் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறிய வில். பக்கத்துச் சீலின் நுனியை அரத்தால் ராவி, மூலைச் சீலுக்கும் அதற்கும் இடையே 0.05 முதல் 0.15 மில்லிமீற்றர் வரை இடைவெளி வரப் பண்ண வேண்டும். இரண்டு தரம் கூட ராவினால் அந்தச் சீல் குப்பைக்கு. ராவி முடிந்ததை வஸ்லின் பூசி அதன் தவாளிப்பில் ஒட்டி வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அறையை மேலே இறக்க வேண்டும். குசினியில் நான் செய்வதெல்லாம் இருபது நிமிடத்தில் தின்று முடிக்கப்படும். மறுநாள் திரும்ப வெட்ட வேண்டும். இங்கே நான் ராவிய ஒரு துண்டு நான் ராவியபடியே இருந்தது.

*

இனிச் சொல்லவேண்டியது எனக்கு இலகுவானதல்ல.

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. அந்த ஆண்டில் அங்கே சாமான் விலை ஏறிய விதம் எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை மழை தொடங்க முன்னர் அக்கா எடுத்துச் சொன்னாள். வீட்டுக் கூரையில் பின்பக்கத் தகடுகள் மாற்ற வேணும், பிள்ளையின் புத்தகம் எல்லாம் நனையுது, இந்த மாதம் கொஞ்சம் கூட்டி அனுப்பேலுமோ என்று. அதே கிழமை அங்கிள் தன் பக்கத்துக் காசு முடிந்துவிட்டதென்றும், சீல்களை அடுத்த வருடம் வாங்கலாமென்றும் சொன்னார். அவர் என்னிடம் கேட்கவில்லை. நான்தான் நானூறு டொலர் எடுத்துக் கொடுத்தேன். அந்த எஞ்ஜினில் ஒரு பகுதி என்னுடையதாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

அக்காவுக்கு என்ன சொன்னேன்? “வேலை நேரத்தைக் குறைச்சுப்போட்டாங்கள் அக்கா. இந்த மாதம் ஏலாது.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. “நீ வடிவாச் சாப்பிடு” என்று வைத்துவிட்டாள்.

அந்த மாரி முழுவதும் நான் எனக்கு நியாயம் தேடினேன். தேடக்கூடிய நியாயங்கள் மூன்று.

முதலாவது, கைத்தொழில் மனிதனை உயர்த்துகிறது என்பது. நுட்பமான வேலையில் தன்னை மறப்பவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று நாங்கள் நம்ப விரும்புகிறோம். ஆனால் இந்த எஞ்ஜினைக் கண்டுபிடித்த பெலிக்ஸ் வாங்கெல்லைப் பாருங்கள். 1902இல் பிறந்த ஜேர்மானியர். பல்கலைக்கழகம் போகாதவர், கண்பார்வை குறைந்ததால் சாரதி அனுமதிப்பத்திரம்கூட எடுக்காதவர். வாழ்நாள் முழுவதும் அடைப்புகளையும் சுழற்சியையும் பற்றியே யோசித்தவர். அவரே இருபதுகளிலேயே நாசிகளோடு சேர்ந்தவர். 1933இல் உட்சண்டையில் அவர்களாலேயே சில மாதங்கள் சிறை வைக்கப்பட்டவர். பிறகும் 1940இல் எஸ்எஸ் படையில் பதவி ஏற்றவர். 1942இல் அதை இழந்தார் என்பது அவர் ஏற்றுக்கொண்டதை அழிக்காது. மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கு நேர்மையாக இருக்கும் கை, மனிதர் விடயத்தில் அப்படி இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. என் கையும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது, இன்று தேவையற்றது நாளை பயன்படும் என்பது. இதற்கு ஹிரோஷிமாவைக் காட்டலாம். மஸ்டாவின் தொழிற்சாலை அந்த நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. அறுபதுகளில் யப்பானிய அரசாங்கம் சிறிய கார்க் கொம்பனிகளைப் பெரியவற்றோடு இணைக்க யோசித்தபோது, தனித்து நிற்க ஒரு காரணம் வேண்டும் என்று அவர்கள் இந்த எஞ்ஜினைப் பிடித்துக்கொண்டார்கள். கெனிச்சி யமமோட்டோவின் கீழ் 1963இல் 47 பொறியியலாளர்கள் இதற்கென்று இருத்தப்பட்டார்கள். முனைச் சீல்கள் அறைச்சுவரில் வரிவரியாக வெட்டிய தழும்புகளைப் பிசாசின் நகக்கீறல் என்று அழைத்தார்கள். 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. 1991இல் நான்கு றோட்டர் பூட்டிய 787பி, லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் வென்றது. யப்பானியக் கார் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் தடவை. அழகான கதை. ஆனால் அதே 1967இல் அதே எஞ்ஜினோடு ஜேர்மனியில் என்எஸ்யு கொம்பனி வெளியிட்ட றோ 80, சீல்கள் தேய்ந்து எஞ்ஜின் எஞ்ஜினாக மாற்றவேண்டி வந்து, அந்தக் கொம்பனியையே ஆட்டிவைத்தது. 1969இல் அது வேறொன்றோடு இணைக்கப்பட்டது. அந்தக் கார்ச் சொந்தக்காரர்கள் வீதியில் எதிர்ப்பட்டால், எத்தனை எஞ்ஜின் மாற்றியாயிற்று என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்கள் என்றொரு பகிடி உண்டு. வென்றவர்களை வைத்து நியாயம் பேசினால் தோற்றவர்கள் குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள். ஸ்காபரோவில் ஒரு கராஜில் செய்யும் எஞ்ஜினால் ஒருநாளும் ஒருவருக்கும் பயன் வரப்போவதில்லை.

மூன்றாவது அங்கிளின் நியாயம்: என் காசு, என் நேரம், என் விருப்பம். அவருக்கு அது சரி. அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. எனக்கு அப்படிச் சொல்ல முடியாது. கப்பலுக்கு ஏறக் கொடுத்த காசில் அக்காவின் காணித் துண்டு ஒன்றும் இருக்கிறது.

*

2023 ஜூனில் காரை இழுத்துக்கொண்டு மொஸ்போர்ட் ஓடுபாதைக்குப் போனோம். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, 1961இல் திறந்த பழைய இடம். இப்போது அதற்கு வேறு பெயர். பத்து வளைவுகள், ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். போவதற்கு முந்திய நாள் எஞ்ஜினைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டேன். புஸ், புஸ், புஸ். மூன்று முனையும் ஒரே சீராக மூச்சு விட்டன. பெற்றோலில் இரண்டு ஸ்ரோக் ஒயில் கலந்தேன். அங்கிள் தலைக்கவசம் போட்டு ஏறினார். அந்த எஞ்ஜினின் சத்தம் உறுமல் அல்ல. கிழிக்கும் சத்தம். வேலியருகே நின்ற எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்க வெட்கப்படவில்லை.

மூன்றாவது ஓட்டத்தில், பின்பக்கத்து மேட்டு நேர்பாதையில், சத்தம் பாதியாகிவிட்டது. காரை இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். பெற்றோல் போதியளவு வராமல் அறை அளவுக்குமீறிச் சூடாகி, ஒரு ஏபெக்ஸ் சீல் உடைந்திருந்தது. உடைந்த துண்டு சுவரின் குரோமியத்தைக் கீறிக்கொண்டு வெளியே போயிருந்தது. அந்த அறையே இனி உதவாது.

திரும்பி வரும்போது எனக்கு ஒன்று விளங்கியது. நானூறு டொலர் போனதற்கு நான் வருந்தவில்லை. எஞ்ஜின் உடைந்ததற்கும் அவ்வளவாக வருந்தவில்லை. இரண்டும் போய்விட்டன. மிஞ்சியிருந்தது அக்காவுக்குச் சொன்ன பொய் மட்டும். காசும் காரும் இருந்தவரை அது அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

அன்றிரவே எடுத்துச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். கார் என்றதும் நான் கார் வாங்கியதாக நினைத்தாள். இல்லை, இன்னொருவருடைய கார், அதுவும் உடைந்துபோயிற்று என்றேன். நெடுநேரம் சத்தமில்லை.

“நான் சங்கிலியை அடைவு வைச்சுத்தான் தகடு போட்டனான்” என்றாள். “அது பரவாயில்லை. உனக்கு வேலை இல்லாமல் போகப்போகுதெண்டு பயந்து ஆறு மாதம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா விரதம் இருந்தனான். ‘அக்கா, எனக்கு அந்தக் காசு வேணும்’ எண்டு நீ சொல்லியிருந்தா ஏசியிருப்பன். ஏசிப்போட்டு வேற ஆரிட்டையும் கேட்டிருப்பன்.”

பிறகு ஒரு மாதம் அவள் என் அழைப்பை எடுக்கவில்லை.

நான் தேடிய மூன்று நியாயங்களிலும் அக்கா இருக்கவில்லை என்பதை அந்த ஒரு மாதத்தில் உணர்ந்தேன். எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா என்று என்னோடே வழக்காடிக்கொண்டிருந்தேன். அந்த வழக்கில் மற்றக் கட்சிக்காரி அவள். அவளுக்கு அழைப்பாணையே போகவில்லை. தேவையில்லாத ஒன்றை விரும்புவது குற்றம் என்று நான் உள்ளூர நம்பியபடியால்தான் பொய் சொன்னேன். அது குற்றமல்ல என்று நம்பியிருந்தால் வெளியே சொல்லியிருப்பேன், அவளும் ஏசியிருப்பாள், இரண்டு பேருமாக ஏதோ ஒரு கணக்குக்கு வந்திருப்போம். கடன்பட்டவனுக்கு விருப்பம் இருக்கலாம். அந்த விருப்பத்தின் விலையைக் கடன் கொடுத்தவருக்குத் தெரியாமல் அவர் தலையிலேயே கட்டக்கூடாது. என் பொய் அவளுடைய காசை எடுத்ததைவிட, ஏசவும், மறுக்கவும், வேறு வழி பார்க்கவும் அவளுக்கிருந்த வாய்ப்பை எடுத்தது.

இதை எழுதுவதற்குக் காரணம், என்னைப்போல் பேஸ்மென்றுகளில் இருக்கும் பலரை எனக்குத் தெரியும் என்பதுதான். ஒருவர் கமெரா வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். ஒருவர் மிருதங்கம் பழகப் போவதை மனைவிக்கு ஓவர்ரைம் என்று சொல்கிறார். நாங்கள் பாவம் செய்வதுபோல மகிழ்கிறோம்.

சங்கிலியை மீட்டுக் கொடுத்துவிட்டேன். அங்கிள் பழைய அறை ஒன்று தேடி வாங்கியிருக்கிறார். மாதம் முப்பது டொலர் கராஜுக்கு என்று அக்காவிடம் சொல்லி ஒதுக்குகிறேன். முதலில் ஐம்பது கேட்டேன். அவள் முப்பதுக்குத்தான் சம்மதித்தாள். போன கிழமை கதைத்துக்கொண்டிருக்கும்போது, மகளுடைய சோதனை, கிணற்று மோட்டர், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாள்:

“ஏனடா, இந்த முறையாவது ஓடுமோ அது?”