பிள்ளையின் கையில் துவக்கா?

பறக்கும் களிமண் தட்டைச் சுட்டு உடைக்கும் விளையாட்டை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெற்றார் பலர் தம் பிள்ளைகளுக்குப் பழக்குகின்றனர். துவக்கென்றாலே நெஞ்சு பதறும் நமக்கு இது விபரீதமாகவே தோன்றும்.

முன்னர் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டனர். 1900இல் பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டுக்களின்போதும் அது நடந்தது. இன்று சுடப்படுவது ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் அகலமான தட்டு. பெயரளவில்தான் களிமண், உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்ந்தது. ஆகவே உயிர்வதை இல்லை. ஆயினும், கொல்வதற்கென ஆக்கப்பட்ட கருவி பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளாகலாமா?

நல்ல களத்தில் பிள்ளை முதலிற் பழகுவது சுடுவதை அன்று. வெறுந் துவக்கையும் தோட்டா நிறைந்ததென்றே எண்ணவேண்டும். அதன் வாய் எவர் பக்கமும் திரும்பலாகாது. தன் முறை வரும்வரை அது மடித்துத் திறந்தபடியே இருக்கவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காப்பு, தொடக்கத்தில் ஒரே தோட்டா. தோளுக்குப் பொருந்தாத கனத்த துவக்கைக் கொடுத்து, அது உதைக்கப் பிள்ளை அழுவதை வேடிக்கை பார்க்கும் தந்தையர்க்குத்தான் முதலிற் பயிற்சி வேண்டும்!

நாமோ திருநாளுக்கு விளையாட்டுத் துவக்கு வாங்கிக் கொடுக்கிறோம். மகன் அதைத் தங்கையின் நெற்றிக்கு நேரே பிடித்து "டுமீல்" என்கிறான், நாம் சிரிக்கிறோம். மனிதரைக் குறிவைப்பது வேடிக்கை என்று பழக்கும் பொம்மையா, எவர் பக்கமும் திருப்பாதே என்று கண்டிக்கும் களமா, எது பிள்ளையின் மனத்தைக் கெடுக்கும்? பொம்மையே என்பேன்.

ஆனால் வீடு திரும்பியதும் துவக்கு ஒரு பூட்டுக்குள், தோட்டா இன்னொரு பூட்டுக்குள், திறப்பு பெற்றார் கையில். "என் பிள்ளை தொடமாட்டான்" என்று அலுமாரியைத் திறந்து வைப்பதை நம்பிக்கை என்று கொள்ள என்னால் இயலாது.