முட்டை உடையாத வண்டி

உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒன்றுகூட உடையக் கூடாது. சித்ரோயன் நிறுவனத்தை நடத்திய பியேர் ஜூல் புலாஞ்ஜே, 1930-களில் தம் பொறியாளர்களிடம் கேட்டது அப்படி ஒரு வண்டியைத்தான். இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும்; 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல் போதும் என்றிருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் ‘2 சிவி’ திரை விலகி நின்றபோது, அதன் 375 சிசி எஞ்சினுக்கு 9 குதிரைத்திறன் மட்டுமே இருந்தது. 1990-இல் உற்பத்தி நின்றது.

இன்று அந்தக் கார் மூன்று விதமாக எஞ்சியிருக்கிறது. மூன்றையும் அருகருகே வைத்தால் பழைய கேள்வி ஒன்று எழும்: ஒரு பொருளை அந்தப் பொருளாக்குவது எது?

முதலாவது, கண்ணாடி அலமாரியில் நிற்கும் 1:43 மாதிரி. லியோன் நகரை ஒட்டிய வில்லர்பானில் பிறந்த நோரெவ் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்து புகழ்பெற்றன. 3.8 மீட்டர் கார் 9 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அளவு மாறாத நகல் ஒன்று, பார்ப்பவர் கண்ணுக்காக அளவைத் திருத்திய நகல் மற்றொன்று என்று ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் பிளேட்டோ பிரித்துக் காட்டுகிறார். மாதிரி செய்பவருக்கு இரண்டுமே தேவை. ஒரு மில்லிமீட்டர் தகட்டை 43-ஆல் வகுத்தால் அதை வார்க்கவே முடியாது. தடிப்பைக் கூட்டியே ஆக வேண்டும். எடையோ நீளத்தின் கணக்கில் குறைவதில்லை. 43-இன் மும்மடி ஏறக்குறைய 80,000. ஆகவே 500 கிலோ கார், கணக்குப்படி 6 கிராமுக்கு வந்துவிடும். உருவத்தைச் சுருக்கலாம், இயல்பு கூடவே சுருங்காது என்பதை கலிலியோ 1638-லேயே விளக்கிவிட்டார்.

இரண்டாவது, புதுப்பித்த கார். 2 சிவியின் அடிச்சட்டம் துருவுக்குப் பேர்போனது. ஆர்வலர்கள் துத்தநாகம் பூசிய புதுச் சட்டத்தை வாங்கி, பழைய கதவுகளை அதில் பூட்டுகிறார்கள். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றி புளூட்டார்க் எழுதிய புதிர் இதுவே. கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று கேட்டு, தத்துவஞானி ஹாப்ஸ் அதை மேலும் இறுக்கினார்.

மூன்றாவது வகைக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஜெர்மானியர் கைக்குப் போகக் கூடாதென்று மறைத்த முன்மாதிரிகளில் மூன்று, 1990-களின் நடுவில் லா ஃபெர்தே விதாமில் ஒரு களஞ்சியப் பரணில் கிடைத்தன. ஒற்றை முகப்பு விளக்கோடு, கண்டெடுத்த கோலத்திலேயே அவற்றைக் காத்து வருகிறார்கள்.

மாதிரியிடம் உருவம் இருக்கிறது, பரண் கார்களிடம் அசல் உலோகம் இருக்கிறது. ஆனால் எதற்காகப் படைக்கப்பட்டதோ அந்தப் பயனையும் ஒரு பொருளின் காரணங்களில் ஒன்றாக எண்ணியவர் அரிஸ்டாட்டில். அந்தக் கணக்கில் நெருங்கி நிற்பது, பாதி உடல் மாறிய புதுப்பித்த கார்தான். அதில் ஒவ்வொரு பக்கத்திலும் படுக்கையாகக் கிடக்கும் சுருள்வில்கள் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கின்றன. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதே பின்சக்கரத்துக்குச் சேதி போய்விடுகிறது. பின் இருக்கையில் கூடை அசைந்து, அப்படியே அடங்குகிறது.