மறைவான உறுப்புக்கும் மரியாதை



உலக நோயாளர் நாளான இன்று நான் பேசப்போவது வயிற்றையும் குடலையும் பற்றி. கோயிலில் பேசுகிற விஷயமா இது என்று ஒன்றிரண்டு பேர் நெளிவது தெரிகிறது. ஆண்டவர் நெளியவில்லை. மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். கை கழுவாமல் உண்பது தீட்டு என்று பரிசேயர் வழக்குக்கு வருகிறார்கள். பிறகு வீட்டுக்குள் சீடர்களிடம் அவர் விளக்குகிறார்: உண்பது உள்ளத்துக்குள் போவதில்லை, வயிற்றுக்குள் போய்க் கழிப்பிடத்துக்கு வெளியேறிவிடுகிறது. கடவுளின் மகன் தம் வாயால் சொன்னது இது. நாமோ, வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது என்பதை நாற்பது ஆண்டு கூட வாழ்ந்த மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பாவத்தையெல்லாம் என்னிடம் வந்து கொட்டிவிடுகிறீர்கள். இதை மட்டும் டாக்டரிடம் சொல்லக் கூச்சம்!

ரத்தம் தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? உடம்புச் சூடு என்று மோர் குடிக்கிறோம். மூலம் என்று நாமே முடிவு கட்டி, மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிக்கொள்கிறோம். அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடல் புற்றும் அதே ரத்தத்தோடுதான் வரக்கூடும். சோதிக்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல டாக்டராலும் முடியாது. மலம் தார் போலக் கறுத்துப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, சோகை பிடிப்பது, வழக்கமாகப் போய்வந்த முறை வாரக்கணக்கில் மாறிக்கிடப்பது, இவையும் அப்படியே. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அதற்காக எல்லாக் கறுப்பையும் மாத்திரைமேல் பழிபோட்டுவிட முடியாது.

இதைவிட முக்கியமானது, எந்த அறிகுறியும் இல்லாத காலம். பெருங்குடல் புற்று பெரும்பாலும் பாலிப் என்கிற சின்னச் சதை முளையாகத்தான் தொடங்குகிறது. அது வலிக்காது. பசியைக் கெடுக்காது. புற்றாக மாற ஏறத்தாழ 10 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அத்தனை பெரிய அவகாசத்தைக் கடவுள் நமக்குக் கொடுத்திருக்கிறார். நாம்தான் அதை வீணாக்குகிறோம். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்யும்போது முளை கண்ணில் பட்டால், பெரும்பாலும் அந்தக் குழாய் வழியாகவே அதை அகற்றிவிடுகிறார்கள். நோயைக் கண்டுபிடிப்பதோடு நில்லாமல், வரவிடாமலே தடுத்துவிடுகிற சோதனை அது. எடுத்த எடுப்பில் அதற்குப் பயப்படுகிறவர்களுக்கு இன்னொன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் எளிய சோதனை அது. அதில் ஏதாவது தெரிந்தால் கொலனோஸ்கோப்பி செய்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சோதனைகளைத் தொடங்கும் வயதை 2021-இல் 50-இலிருந்து 45-க்குக் குறைத்தார்கள். நம் நாட்டின் தேசியத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்குத்தான் பரிசோதனை செய்கிறது. குடலைப் பார்க்க யாரும் உங்கள் வீடு தேடி வரமாட்டார்கள். நீங்கள்தான் போய்க் கேட்கவேண்டும். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ குடல் புற்று வந்திருந்தால் 40 வயதிலேயே போங்கள். அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முந்திய வயது அதைவிடக் குறைவென்றால், அப்போதே. ஆகவே அப்பா எதில் செத்தார் என்று வீட்டில் கேளுங்கள். 'வயிற்று வலியில் போனார்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன நோய், எத்தனை வயதில் என்று கேளுங்கள்.

கொலனோஸ்கோப்பிக்கு முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். குடலைச் சுத்தமாக்கும் மருந்தைக் குடித்துவிட்டு இரவெல்லாம் நடையாக நடக்கவேண்டும். சிரமம்தான். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிற நமக்கு அந்த ஒரு நாள் பெரிதில்லை.

இந்த நோயாளர் நாளை ஏற்படுத்தியவர் புனித இரண்டாம் யோவான் பவுல், 1992 மே மாதம். அடுத்து நடந்ததைப் பாருங்கள். இரண்டே மாதத்தில், ஜூலை 12 ஞாயிறு மூவேளை செபத்தின்போது, பரிசோதனைக்காக மருத்துவமனைக்குப் போகிறேன் என்று அவரே மக்களிடம் சொன்னார். உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் 15-ஆம் தேதி அறுவைச் சிகிச்சை. பெருங்குடலில் ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி. நல்லவேளை, புற்றாக முற்றியிருக்கவில்லை. அப்போது அவருக்கு 72 வயது. அதன்பிறகும் 2005 வரை நம்மோடு இருந்தார். திருத்தந்தை பிரான்சிசுக்கும் 2021 ஜூலையில் அதே மருத்துவமனையில் பெருங்குடலில் ஒரு பகுதியை அகற்றினார்கள். ஒரு வாரம் கழித்துப் பத்தாம் மாடி முகப்பில் நின்று, நல்ல மருத்துவம் எல்லாருக்கும் எட்டவேண்டும் என்று பேசினார். திருத்தந்தையரின் குடல் உலகச் செய்தியாகலாம், அதில் திருச்சபைக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

'மாதாவிடம் நேர்ந்துகொண்டேன் ஃபாதர், டாக்டர் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. வேளாங்கண்ணி எண்ணெயைத் தாராளமாக வயிற்றில் தடவிக்கொள்ளுங்கள். தடவிக்கொண்டே டாக்டரிடமும் போங்கள். நோயில் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்பது சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தின் போதனை. பவுலடியார்கூடத் திமொத்தேயுவின் வயிற்றுக்காகக் கடிதத்தில் வைத்தியம் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் திராட்சை மது என்கிற அந்த வசனம் மட்டும் சில சகோதரர்களுக்கு மனப்பாடம்! குடல், கல்லீரல், உணவுக்குழாய்ப் புற்றுகளுக்கு மது ஒரு காரணம் என்பதையும் அவர்கள் சேர்த்து மனப்பாடம் செய்யட்டும்.

பன்னிரண்டு ஆண்டு ரத்தப்போக்கால் வருந்திய பெண்ணை நினைத்துப் பாருங்கள். யாரும் அறியாமல் பின்னால் வந்து ஆண்டவரைத் தொட்டாள், தொட்டதுமே குணமானாள். அப்படியே போக விட்டிருக்கலாமே, ஏன் 'யார்' என்று கேட்டு நிறுத்தினார்? அத்தனை ஆண்டும் தீட்டென்று ஒதுங்கி ஒதுங்கிப் பழகியவள், கூட்டத்தின் நடுவே நின்று நடந்ததைச் சொல்லட்டும் என்றுதான் என நான் நினைக்கிறேன். அவள் சொல்லி முடித்த பிறகே, மகளே என்று அழைத்தார். ரத்தம் நின்றதோடு வெட்கமும் போனது. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதும்போது, உடலில் மதிப்புக் குறைந்ததாக நாம் நினைக்கும் உறுப்புகளுக்கே அதிக மதிப்புக் கொடுக்கிறோம் என்கிறார். முகத்துக்குப் பவுடர் போட மறக்காத நாம், குடலுக்கு அந்த மதிப்பைக் கொடுத்திருக்கிறோமா?

இப்போது நோயில் பூசுதல் நடைபெறும். பெற விரும்புகிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். எழ முடியாதவர்களிடம் நான் வருகிறேன். திருப்பலி முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாசலில் நிற்பார்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட வந்து சீட்டுப் போட்டுக் காத்திருக்க ஆள் வேண்டுகிறவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். என்ன உபாதை என்று அவர்களிடம் சொல்லவேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால் போதும்.