இடது கைத் திருநீறு

நோயாளிக்கு ஊட்டிவிடுவது புண்ணியம். இதை யாரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் இயக்கத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் செய்வதும் அதுதான். ஆனால் ஊட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் சேவையாகுமா? அப்பா படுக்கையில் விழுந்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது.

அப்பா பினாங்கு துறைமுகத்தில், பட்டர்வொர்த் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஒருநாள் விடியற்காலை பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் அடிபட்டதால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. நாம் சொல்வது புரியும், பதில்தான் வாயில் வராது. விழுங்குவதிலும் சிக்கல்.

மூன்றாவது வாரம் ஒரு மலாய்ப் பெண் வந்து, தான் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' பிரிவு என்றார். "வேலை தேடிக் குடுக்கிறவங்களாடா?" என்று அம்மா என் காதில் கேட்டார். தமிழிலும் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று சொல்வதால் இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு. சம்பளத் தொழில் இதில் ஒரு பகுதி மட்டும்தான். சிவபெருமானுக்கு ஐந்தொழில் என்கிறோமே, அதுவா சம்பளத்துக்கு? குளிப்பது, சட்டை போடுவது, சாப்பிடுவது, சாமி கும்பிடுவது என ஒரு மனிதனின் நாளை நிரப்பும் செயல் எல்லாமே இங்கே தொழில்தான்.

விழுங்கலாம் என்று அனுமதி வந்ததும் அவர் தட்டுக்கடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டார். கரண்டிக் காம்பில் பஞ்சு சுற்றித் தடிமனாக்கி, அப்பாவின் இடது கையில் கொடுத்தார். கஞ்சி பாதி மார்பில் கொட்டியது. பத்து நிமிஷம் பார்த்தேன். பொறுக்க முடியாமல் கரண்டியை வாங்கப் போனேன். "துங்கு," என்றார் அந்தப் பெண். பொறு என்று அர்த்தம். கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டினேன்.

அன்று ஃபெரியில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. நான் ஊட்டினால் ஐந்து நிமிஷத்தில் முடியும், அவரே சாப்பிட்டால் முக்கால் மணி நேரம். நான் கரண்டியைப் பிடுங்கியது பாசத்தாலா, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றா? இரண்டும்தான். ஆனால் பாசத்தை மட்டுமே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜீவனைச் சிவனாக எண்ணிச் சேவை செய் என்று இராமகிருஷ்ணர் வழி வந்தவர்கள் கற்பிப்பதை நாமும் மேடையில் சொல்கிறோம். சிவன் என்று நிஜமாகவே நினைத்திருந்தால் கேட்காமல் வாயில் கரண்டியைத் திணிப்போமா?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனார். பரிதாபப்பட்டு வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்திருப்பார்கள். டாக்டர் பால் பிராண்டோ அவரை அறுவை சிகிச்சைக்குத் திரும்பச் சொன்னார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்தார் மேரி. பிறகு 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையமே திறந்தது. பிராண்ட் அன்று பரிதாபத்தோடு நிறுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் படங்கள் போட்ட அட்டைகளை விரித்து, "உங்களுக்கு எதை முதலில் செய்யணும்?" என்று அப்பாவைக் கேட்டார். கழிப்பறை, சட்டை, கோப்பை, தொலைபேசி. அப்பா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நெற்றியைத் தொட்டுக் காட்டினார். தலைவலி என்று நினைத்து நான் மிஸ்ஸியைக் கூப்பிட ஓடினேன். அம்மாதான், "திருநீறுடா," என்றார். மூன்று வாரமாக அம்மாதான் பூசிவிட்டார். அது அவருக்குப் போதவில்லை.

அந்தப் பெண்ணுக்குத் திருநீறு தெரியாது. எத்தனை விரல், எந்தப் பக்கமிருந்து இழுக்கணும் என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். வலது கைப் பயிற்சியை விடக் கூடாது, சும்மா விட்டால் மூளை அந்தக் கையை மறந்துபோகும் என்றார். அதுவரை இடது கை. இங்கேதான் வீட்டில் சண்டை. "எடது கையால திருநீறா? பாவம்டா!" என்று அம்மா அழுதார். தாய்மாமா தொலைபேசியில், எல்லாம் கர்மவினை, அனுபவிச்சுத்தான் தீரணும் என்றார். இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. வினைப்பயன் என்பது விழுந்தவரைப் படுக்கையிலேயே விட்டுவைக்க நமக்குக் கொடுத்த சீட்டு இல்லை. அம்மாவுக்குக் கண்ணப்பரை நினைவூட்டினேன். வாயில் நீர் சுமந்து வந்து அபிஷேகம் செய்தவர், கண்ணைப் பெயர்க்கும்போது இடம் தெரிய லிங்கத்தின் மேல் காலையே வைத்தவர். அவரைக் கும்பிடுகிற வீட்டில் ஒரு இடது கை எப்படிக் குற்றமாகும்? அம்மா ஒன்றும் பேசவில்லை.

எல்லாவற்றையும் தானே செய்வதுதான் மானம் என்றும் நான் சொல்ல வரவில்லை. சட்டைப் பொத்தானை ஒரு கையால் போடும் வித்தையையும் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தார். அப்பா இரண்டு நாள் முயன்றுவிட்டு அம்மாவைக் கைகாட்டிவிட்டார். விழாத கையை முதலில் நுழைக்காதே, விழுந்த கையை முதலில் நுழை என்ற பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டார். பொத்தானில் அவருக்கு மானம் இல்லை, நெற்றியில் இருந்தது. எது எதில் என்பதை நான் முடிவு செய்ய முடியாது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போக முடியவில்லை. வார்டில் அம்மா தட்டை நீட்டினார். இடது கை மூன்று விரல் நடுங்கிக்கொண்டே போனது. ஒரு கோடு புருவத்தில் இறங்கியது, கொஞ்சம் கண்ணிலும் விழுந்தது. துடைக்க அம்மாவின் கை எழுந்தது. பாதியில் நின்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அப்பா இரண்டாவது கோட்டுக்கு விரலைத் தட்டில் வைத்தார்.