எது மதம் என்று யார் சொல்வது?

மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலையும் வெண்ணெய் உருண்டைப் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குன்றின் மேற்குப் பக்கத்து ஆதிவராகர் குகையை எட்டிப் பார்ப்பவர் குறைவு. அங்கே பெருமாள் பூமாதேவியைத் தாங்கி நிற்கிறார். அதே குகையில் கிரந்த எழுத்தில் ஒரு சாபமும் இருக்கிறது. உள்ளத்தில் ருத்திரனுக்கு இடம் தராதவர்களை அது ஆறு முறை இகழ்கிறது. பெருமாள் சந்நிதியில், சிவனை நினையாதவருக்குச் சாபம்! கணேச ரதத்துக் கல்வெட்டின் முடிவிலும் இதே சாபம்தான்.

பல்லவர் காலத்தில் எவரோ பக்திக்கு வேலி போட்டுப் பார்த்திருக்கிறார். வராகரோ நகரவில்லை; இன்றும் பூஜை நடக்கிறது. கடற்கரைக் கோயிலிலும் இரண்டு சிவன் சந்நிதிகளுக்கு நடுவே பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார்.

எது பக்தி என்று கல்லில் நடந்த இந்த வழக்கு, எது மதம் என்ற கேள்வியாக 1954-ல் உச்ச நீதிமன்றத்தின் முன்னும் நின்றது. உடுப்பி அன்று சென்னை மாநிலத்தில் இருந்தது. அங்குள்ள சிரூர் மடத்தின் சுவாமிகள், 1951-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து நின்றார். மடத்தின் நிர்வாகத்தில் அரசு எதுவரை நுழையலாம் என்று சொல்ல வேண்டுமானால், மதம் எது என்று முதலில் சொல்லியாக வேண்டும். படைத்தவனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவே மதம் என்றது 1890-ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பு ஒன்று. நீதிபதி பி. கே. முகர்ஜி அதை ஏற்கவில்லை. கடவுளைப் பேசாத பௌத்தமும் சமணமும் மதம் இல்லையா என்ன? காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்தில் தீர்த்தங்கரரை வழிபடுகிறவர்களிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? நம்பிக்கை மட்டுமல்ல, சடங்கும், உணவும் உடையும்கூட மதத்தில் அடங்கலாம் என்றார் முகர்ஜி. எந்தச் சடங்கு அவசியம் என்று அந்தந்த மரபினரே தீர்மானிக்கட்டும் என்றும் எழுதினார். பெருந்தன்மையான தீர்ப்பு. ஆனால் 1961-ல் அஜ்மீர் தர்கா வழக்கில் அதே நீதிமன்றம், மூடநம்பிக்கையில் முளைத்த பழக்கங்களைச் சலித்தெடுக்கும் வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையோடு இன்னும் தெற்கே போனால் ஆரோவில்; அங்கும் இதே கேள்வி எழுந்தது. அதன் நிர்வாகத்தை மத்திய அரசு 1980-ல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டபோது, நாங்கள் ஒரு சமயப் பிரிவு, எங்கள் காரியங்களை நாங்களே நடத்த அரசியல் சாசனத்தின் 26-ஆம் பிரிவில் உரிமை உண்டு என்று அரவிந்தர் சங்கத்தின் தரப்பு வாதாடியது. 1982-ல் பெரும்பான்மை நீதிபதிகள், அரவிந்தர் தந்தது தத்துவம், மதமல்ல என்றார்கள். வரிவிலக்குக்கு விண்ணப்பித்தபோது சங்கம் தன்னைச் சமய நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பதும் எதிராக நின்றது. வரிக்கு ஒரு முகம், வழக்குக்கு ஒரு முகம்! நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் மாறுபட்டார். அரவிந்தர் வழியினரைச் சமயப் பிரிவாகக் கருதத் தடையில்லை என்றார். சட்டம் செல்லும் என்பதில் அவருக்கும் மறுப்பில்லை. மதத்துக்கு அகலமான வாசல் வைத்த அவர் பார்வையே இந்த மண்ணுக்குப் பொருந்துகிறது.

மேல்மருவத்தூர் அம்மன் கோயிலைப் பாருங்கள். செவ்வாடை உடுத்திய பெண்கள், சாதி கேட்கப்படாமல், கருவறைக்குள் சென்று தாங்களே அபிஷேகம் செய்கிறார்கள். மாதவிலக்கும் அங்கே தடையில்லை. ஆடிப்பூரத்தில் கஞ்சிக் கலயம் சுமந்து வருகிறார்கள். ஆகமத்தில் இதற்கு இடமேது என்று கேட்பவர்கள் உண்டு, கேட்கட்டும். முகர்ஜி சொன்ன நம்பிக்கை, சடங்கு, உணவு, உடை எல்லாமே அங்கே இருக்கின்றன. அந்த வழிபாட்டைத் தொடங்கியவர்கள் எந்த இலக்கணத்தையும் கேட்டுக்கொண்டு தொடங்கவில்லை.