பாதிப் பேச்சு கேட்பவரிடம் இருக்கிறது

 



நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அவர் அனுமதி கொடுத்துவிட்டார், பெயர் மட்டும் வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய வியாபாரி. முதல் ஸஃப்பில் நிற்பவர். முஅத்தின் இல்லாத வக்துகளில் பாங்கு சொல்பவர். நாக்கில் ஒரு புண் வந்து, மாதக்கணக்கில் ஆறாமல் இருந்து, கடைசியில் அது புற்றுநோய் என்று தெரிந்தது. நாக்கின் ஒரு பாதியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பிறகு சுமார் 6 வாரம் கதிர்வீச்சு. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்து வந்தார்.

ஆனால் திரும்பி வந்தவர் முதல் ஸஃப்புக்கு வரவில்லை. கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நின்று, ஸலாம் கொடுத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் வாசலில் அவரை நிறுத்தினேன். செல்போனை எடுத்து எழுதிக் காட்டினார்: "ஹஜ்ரத், என் ஃபாத்திஹா கூடுமா?"

அன்று மஸாயிலைச் சொல்லி அனுப்பினேன். அது சரியான பதில்தான், ஆனால் போதுமான பதில் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இன்று உங்களிடம் பேசுவது அந்த மிச்சப் பதிலைத்தான்.

முதலில் அவருடைய நிலையைப் புரிந்துகொள்வோம். நாக்கின் பகுதியை எடுத்த இடத்தில், மார்புத் தசையிலிருந்தோ முன்கைத் தோலிலிருந்தோ ஒரு துண்டை எடுத்து வைத்துத் தைக்கிறார்கள். அது பள்ளத்தை நிரப்பும். ஆனால் நாக்கைப் போல அது அசையாது, அதற்குச் சுவை தெரியாது. காயம் ஆறும்வரை மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு அதில்தான் பால், கஞ்சி எல்லாம். கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளையும் எடுப்பதால் தோள்பட்டை இறுகிவிடுகிறது. நம் சகோதரருக்குத் தக்பீர் கட்டும்போது ஒரு கை காதுவரை எழாது. கதிர்வீச்சுக்குப் பிறகு உமிழ்நீர் குறைந்து வாய் காய்ந்துவிடும். தாடை இறுகி வாய் திறப்பதும் குறையும். ஐஸ்குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, நாளுக்கு நாள் ஒரு குச்சி கூட்டி வாயைத் திறக்கப் பழக வேண்டும். அவர் வீட்டு ஜன்னலில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு ஐஸ்குச்சி இருந்தது. பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட்டேன்.

அருமையானவர்களே! அரபுக் கல்லூரியில் சேர்ந்தால் முதலில் படிப்பது மக்ரஜ். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்ற பாடம். அரபியின் 28 எழுத்துகளில் 6 தொண்டையில் பிறக்கின்றன, 4 உதட்டில். மீதி 18 எழுத்துகளும் நாக்கின் பொறுப்பு. தமிழிலும் இப்படித்தான். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இதற்கு இருக்கிறது. ப, ம, வ சொல்ல உதடு போதும். ல, ள, ழ, ர, ட, த, ந எல்லாவற்றுக்கும் நாக்கு வேண்டும். ஆகவே பாதி நாக்கை இழந்தவர் "அல்லாஹ்" என்று சொல்லும்போது அலிஃபும் ஹாவும் தெளிவாக வரும், நடுவிலுள்ள லாம் குழறும். மதரஸாவில் பிள்ளைகளுக்கு மக்ரஜ் திருத்தும் நான், அந்த லாமைக் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அவர் கேட்ட கேள்விக்கு ஃபிக்ஹின் பதில் இது. யாருக்கும் அவருடைய சக்திக்கு மேல் கடமை இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில், பேச்சு போனவர் தன்னால் முடிந்தவரை நாக்கையும் உதட்டையும் ஓதும் எண்ணத்தோடு அசைக்க வேண்டும் என்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், அறவே பேச முடியாதவருக்கு அதுவும் கட்டாயமில்லை என்பது வலுவான சொல். கொஞ்சம் பேச முடிந்தவர் முடிந்ததை ஓதுவார். இரண்டு மத்ஹபிலும் அவருடைய தொழுகை கூடும். சரியாக ஓதத் தெரிந்தவர்களுக்கு அவர் இமாமாக நிற்பதில் தனிச் சட்டம் உண்டு. அதை வைத்து அவருடைய சொந்தத் தொழுகையைக் குறைத்து நினைக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. குர்ஆனைத் திணறித் திணறி, சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டைக் கூலி என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. கதிர்வீச்சில் காய்ந்த வாயோடு, ஒவ்வோர் ஆயத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்து ஓதுகிறவரை விடச் சிரமப்பட்டு ஓதுபவர் யார்?

இந்த இடத்தில் பிலால் (ரலி) அவர்களுக்கு 'ஷீன்' வராது, 'ஸீன்'தான் வரும் என்ற கதையைப் பயான்களில் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரமில்லை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அதை நான் சொல்லவில்லை. அது இல்லாமலேயே நமக்குக் குர்ஆனில் ஆதாரம் இருக்கிறது.

மூஸா (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஃபிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது, தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு துஆ கேட்டார்கள். மக்கள் தம் பேச்சை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். தாஹா சூராவில் வருகிறது. இமாம் இப்னு கஸீர் (ரஹ்) இங்கே ஒரு நுட்பம் சொல்கிறார்கள்: முடிச்சு முழுவதும் நீங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, சொல்வது புரியும் அளவுக்குத்தான் கேட்டார்கள், ஆகவே கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, தெளிவாகப் பேசக்கூட வராதவர் என்று ஏளனம் செய்தவன் ஃபிர்அவ்ன். இது ஸுக்ருஃப் சூராவில் இருக்கிறது. ஒருவருடைய உச்சரிப்பைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வரும்போது, அது யாருடைய வேலை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூஸா (அலை) அவர்களுக்குப் பேச்சு "புரியும் அளவு" இருந்தால் போதும் என்றால், அந்த அளவை யார் முடிவு செய்வது? பேசுகிறவர் தன் பங்கைச் செய்கிறார். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, உதட்டைக் கூடுதலாக அசைத்துப் பேசப் பேச்சுப் பயிற்சியாளர் பழக்குகிறார். மிச்சம் கேட்பவர் கையில் இருக்கிறது. ஒரே வாக்கியம் அவசரக்காரருக்கு முனகலாகக் கேட்கிறது. பொறுமையாகக் காது கொடுப்பவருக்கு அது பேச்சாகக் கேட்கிறது.

என் தவறை ஒப்புக்கொள்கிறேன். அவர் பேச ஆரம்பித்தால் நான் முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துக் கொடுப்பேன். உதவி செய்கிறோம் என்று நினைத்தேன். ஒருநாள் அவருடைய மனைவி சொன்னார்கள்: "ஹஜ்ரத், நீங்க சொல்ற வார்த்தை அவர் சொல்ல வந்தது இல்ல. ஆனா ஆமான்னு தலையாட்டிட்டு வந்துடுறார்." எத்தனை முறை அப்படித் தலையாட்ட வைத்தேனோ, அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

நம் நாட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். அரசியல் பேசவில்லை. மகாராஷ்டிராவின் சரத் பவாருக்கு 2004 தேர்தல் நேரத்தில் வாயில் புற்றுநோய் தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. வாய் திறப்பதும் விழுங்குவதும் பேசுவதும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவரே பொதுமேடையில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பத்து ஆண்டுகள் மத்திய வேளாண் அமைச்சராக இருந்தார். 2019 அக்டோபரில் சாத்தாராவில் கொட்டும் மழையில் நனைந்துகொண்டே அவர் பேசிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். எதிரே இருந்த கூட்டமும் நனைந்துகொண்டே கேட்டது. பெரிய மனிதர் என்றால் குழறினாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம். பக்கத்துத் தெரு பாய் குழறினால் கடிகாரத்தைப் பார்க்கிறோம். அப்படியானால் குறை அவருடைய நாக்கிலா, நம் காதிலா?

சகோதரர்களே! பேச்சைப் போலத்தான் சாப்பாடும். அவர் வலீமாக்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது உதட்டோரம் வழியும், அடிக்கடி இருமல் வரும், ஒரு கவளத்துக்கு நேரமாகும். ஸஹனில் கூட உட்கார்ந்தவர்கள் அருவருப்பார்களோ என்ற வெட்கம். நூர் சூராவின் 61ஆவது ஆயத்தைப் பாருங்கள். பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோர் மீது குற்றமில்லை என்று தொடங்கி, வீடுகளில் சாப்பிடுவது பற்றியும், சேர்ந்தோ தனித்தோ சாப்பிடலாம் என்பது பற்றியும் பேசுகிறது. இதன் பின்னணியாக தஃப்ஸீர்களில் பல காரணங்கள் வருகின்றன. நலமாக இருப்பவர்கள் அருவருப்பார்களே என்று நோயாளிகள் ஒதுங்கினார்கள் என்பது ஒன்று. நோயாளியால் நம் வேகத்துக்குச் சாப்பிட முடியாதே, அவர் பங்கை நாம் தின்றுவிடுவோமோ என்று மற்றவர்கள் தயங்கினார்கள் என்பது இன்னொன்று. 1400 ஆண்டுகளுக்கு முன்னால் மதீனாவில் இருந்த அந்தத் தயக்கம் இன்று நம் புதுச்சேரிக் கல்யாண மண்டபத்திலும் இருக்கிறது.

அமெரிக்காவில் ரோஜர் ஈபர்ட் என்று ஒரு சினிமா விமர்சகர் இருந்தார். புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைகளால் 2006க்குப் பிறகு அவரால் வாயால் சாப்பிடவோ குடிக்கவோ பேசவோ முடியாமல் போயிற்று. குழாய் வழியாகத்தான் உணவு. 2013இல் இறந்தார். இடையே 2010இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், உணவை விட அதிகமாகத் தான் ஏங்குவது பந்தியில் கூடி உட்கார்ந்து பேசிச் சிரிப்பதற்குத்தான் என்று சொல்கிறார். நம் மார்க்கத்தை அறியாத ஒருவர், வாய் மூடிய நிலையில் கண்ட உண்மை இது.

ஆகவே உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இப்படிப்பட்டவரை அழையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் சாப்பிடும்போது நீங்கள் பேசுங்கள், அவரிடம் பதில் கேட்காதீர்கள். பேசிக்கொண்டே விழுங்கினால் புரையேறும், அது நெஞ்சுக்குள் போய் ஆபத்தாகும். மூச்சைப் பிடித்து விழுங்கி, செருமிவிட்டு, மறுபடி ஒருமுறை விழுங்கப் பழக்கியிருப்பார்கள். அதற்கு நேரம் வேண்டும். சோறும் நீரும் கலந்த பண்டம் இவர்களுக்குச் சிரமம். சென்ற ரமலானில் நோன்புக் கஞ்சியை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, காரம் குறைத்து ஒரு கிண்ணம் தனியாக வைத்தோம். நோயின் காரணமாக அவருக்கு நோன்பில் சலுகை இருந்தது. ஆனாலும் மக்ரிப் வேளைக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தார். பாதிக் கிண்ணம் குடிக்க அரை மணி நேரம். அன்று இமாமத்தை முஅத்தினிடம் கொடுத்துவிட்டு அவரோடு பின் ஜமாஅத்தில் தொழுதேன்.

ஒரு முணுமுணுப்பு என் காதுக்கும் வருகிறது. "பாக்கும் புகையிலையும் போட்டார், தானாக வரவழைத்துக்கொண்டார்." இந்த நோய் அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் வருகிறது. பழக்கம் இருந்தே வந்ததென்றாலும், நோயாளியின் உரிமையை அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் நம்மிடம் ஒப்படைத்தபோது காரணத்தை விசாரிக்கச் சொல்லவில்லை. கண்டிப்பு யாரிடம் பயன்படுமோ அங்கே காட்டுங்கள். இளைஞர்களே, உங்களிடம் சொல்கிறேன். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைதல், இவற்றில் எது இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. சுற்று மாவட்டங்களிலிருந்தெல்லாம் விடியற்காலையில் பஸ் பிடித்து வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாம் தள்ளிப்போடலாமா?

சென்ற வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்து அவர் என்னிடம் வந்தார். ஏதோ சொன்னார், புரியவில்லை. நான் முந்திக்கொள்ளவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் பாய் என்றேன். சொன்னார். புரியவில்லை. மூன்றாவது முறை புரிந்தது: "மைக் இரையுது ஹஜ்ரத், பின்னாடி கேக்கல." துஆ கேட்க வந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முழு நாக்கோடு பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சொல்லாததை அவர்தான் வந்து சொன்னார். இருவரும் சிரித்துவிட்டோம். மைக்கை அன்றே சரிசெய்துவிட்டோம்.

யா அல்லாஹ்! நோயால் பேச்சையும் உணவின் சுவையையும் இழந்தவர்களுக்கு அவற்றைத் திருப்பிக் கொடுப்பாயாக! கொடுக்காமல் வைத்ததற்கு அழகிய பகரத்தைக் கொடுப்பாயாக! கூடவே இருந்து பணிவிடை செய்யும் மனைவிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் பலம் தருவாயாக! எங்கள் பிள்ளைகளை அந்தப் பழக்கத்திலிருந்து காப்பாயாக! பொறுமையாகக் கேட்கும் காதுகளை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.