உழவனின் கொல்லாமை

சிறுமலை அடிவாரத்தில் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தில் வேளாண்மை படித்தேன். அங்கே சர்வசமயப் பிரார்த்தனையும் உண்டு, பூச்சியியல் பாடமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி என்னை விடவே இல்லை: கொல்லாமல் பயிர் செய்ய முடியுமா?

ரசாயனத்தைக் கைவிட்டால் போதும் என்பார்கள் நண்பர்கள். எனக்கு அது போதவில்லை. டிரைக்கோகிரம்மா அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உடைத்த கம்புத் தானியத்தில் வளர்த்த அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, புற ஊதா ஒளியில் கருவைச் சாகடித்து, டிரைக்கோகிரம்மா என்னும் ஒட்டுண்ணிக் குளவிக்குக் கொடுக்க வேண்டும். சில நாளில் முட்டைகள் கறுக்கும். கரும்புத் தோட்டத்தில் அதிலிருந்து வெளிவரும் குளவி, இடைக்கணுப் புழுவை முட்டையிலேயே முடித்துவிடும். நஞ்சில்லை, மண்புழு பிழைக்கும், தவளை பிழைக்கும். ஆனாலும் கொலைதான்.

சமணம் உழவிலுள்ள உயிர்க்கொலையை மறைக்கவில்லை. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அதற்காக உழவை விட்டு விலகிய சமணர் இலையிலும் யாரோ உழுத சோறுதானே? குறளோ 33ஆம் அதிகாரத்தில் கொல்லாமையையும் 104ஆம் அதிகாரத்தில் உழவையும் உயர்த்துகிறது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் நோயால் துடித்த கன்றை ஊசிபோட்டுச் சாகடிக்கச் சம்மதித்த காந்தி, அதை வெளிப்படையாக எழுதி, வந்த கோபத்தையும் தாங்கினார்.

நான் அவர் பக்கம்: தவிர்க்க முடியாதபோது மட்டுமே கொல்வது, அதையும் மறைக்காமல் ஏற்பது. பூச்சியின் எண்ணிக்கை பொருளாதாரச் சேதநிலையை, அதாவது கட்டுப்படுத்தும் செலவைவிடப் பயிர்ச்சேதம் மிஞ்சக்கூடிய அளவை, தாண்டாத வயலில் கைவைக்கக் கூடாது என்று பூச்சியியல் சொல்வதை விரதமாகவே கொண்டிருக்கிறேன். யோசனை கேட்டு வரும் விவசாயிகளிடமும், மருந்துக் கடைக்குப் போகுமுன் வயலில் இறங்கிப் புழுவை எண்ணுங்கள் என்றுதான் சொல்கிறேன்.